காலபோகத்துக்குள் ஒரு நாவல்: வன்னியில் முதன்முதலாக எழுத உட்காருபவருக்கு

இலங்கையின் வடக்கில், வன்னியில் ஒருவர் நாவல் எழுத உட்கார்ந்தால் அவருக்குக் கதைக்குப் பஞ்சம் வராது. கதை கூடிப்போவதுதான் இடைஞ்சல். என்னுடைய முதல் முயற்சி அப்படித்தான் படுத்தது. தாத்தா காட்டை வெட்டி வயலாக்கியதில் தொடங்கி, 1995 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2009 இறுதிப் போர், முகாம், மீள்குடியேற்றம் என்று மூன்று தலைமுறையையும் ஒரே புத்தகத்துக்குள் அடைக்கப் பார்த்தேன். நாற்பது பேருக்கு மேல் அதில் நடமாடினார்கள். நூற்றிருபதாம் பக்கத்தில், ஏற்கெனவே செத்துப்போன ஒரு சித்தப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, தங்கச்சி.

அந்தக் கொப்பியைக் கட்டி வைத்துவிட்டு ஒரு வருசம் சும்மா இருந்தேன். இரண்டாவதாக எழுதியது ஒரு கிணற்றைப் பற்றி. அது முடிந்தது. இடையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, எழுதத் தொடங்கும் ஒருவருக்கு உதவும் என்று வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலில் சின்ன ஏனம் ஒன்று தேடுங்கள்

குளத்துத் தண்ணீர் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஒரு குடம் கொண்டுபோனால் ஒரு குடம் வரும். நாவலுக்கும் அப்படி ஒரு ஏனம் வேண்டும். ஒரு பொருள், ஒரு வீடு, ஒரு வழக்கு, ஒரு வேலை. இதைத் தெரிவு செய்யாமல் முதல் வரியை எழுதாதீர்கள்.

எப்படித் தேடுவது? ஒரு முழுத்தாளில் உங்கள் குடும்பத்தின் கையை விட்டுப்போன பொருட்களை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் திரும்பி வந்தவற்றை எழுதுங்கள். லாண்ட்மாஸ்டர் உழவு மெசின், தையல் மெசின், காணி உறுதி, பால்மாடு, கல்யாண அல்பம், கதவு நிலை. அவற்றில் குறைந்தது மூன்று பேரின் கைமாறிய பொருளை வட்டமிடுங்கள். கைமாறியிருந்தால் கொடுத்தவர், எடுத்தவர், கேட்டவர், இல்லையென்றவர் எல்லோரும் வந்துவிடுவார்கள். கதைக்கு வேண்டிய இழுபறி அதற்குள்ளேயே இருக்கும்.

ஒரு வெள்ளைத் தறப்பாளை எடுத்துப் பாருங்கள். முகாமில் அது கூரை. ஊருக்குத் திரும்பியபோது சமையல் கொட்டிலின் சுவர். கல்வீடு எழும்பிய பிறகு நெல் காயப்போடும் பாய். பிறகு ஆட்டுக்கொட்டிலின் ஓட்டை அடைப்பு. கடைசியில் கிழிந்த துண்டு விறகுக்கட்டின் மேல் கிடக்கிறது. ஒரு குடும்பத்தின் பத்து வருசக் கதை இதில் இருக்கிறது, ‘போர்’ என்ற சொல்லை ஒரு தடவைகூட எழுதாமல். நான் எழுதியது கிணறு. இடம்பெயர்ந்து போகும்போது அதற்குள் எதைப் போட்டார்கள், திரும்பி வந்து இறைத்தபோது எது வந்தது, எது வரவில்லை, அவ்வளவுதான்.

சரித்திர நாவல்தான் எழுதுவேன், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் கதைதான் எழுதுவேன் என்று சிலர் நிற்பார்கள். 1803இல் கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கின் படை அவரைத் தோற்கடித்தது என்று நினைவுக்கல் சொல்கிறது. அந்தக் காலத்து உடை, உணவு, ஆயுதம், அடங்காப்பற்று (வன்னியின் பழைய பெயர்) நிர்வாகம் என்று ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க வேண்டும். ஆசை இருந்தால் அதை இரண்டாவது நாவலாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாவலுக்கு உங்கள் அம்மம்மாவின் காலம் போதும். சந்தேகம் வந்தால் போய்க் கேட்கலாம், பேச்சும் வாங்கலாம்.

காலத்தை ஒரு போகத்துக்குள் கட்டுங்கள்

ஏனம் கிடைத்தபின் காலம். கதை நாற்பது வருசத்தைத் தொட்டாலும், கண்முன் நடக்கும் காலம் குறுகியதாக இருந்தால் புதியவருக்குப் பிடிமானம் கிடைக்கும். எனக்குக் காலபோகம், மாரி மழையோடு செய்யும் நெற்செய்கை, கைகொடுத்தது. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பிப் புழுதி விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் அடைமழை, குளம் நிரம்பி வான் பாயுமா, கட்டு தாங்குமா என்ற பயம். தையில் கதிர், பன்றிக்கும் யானைக்கும் இராக்காவல். மாசியில் அறுவடை, அதோடு கடன்காரர். தொடக்கம், நெருக்கடி, முடிவு எல்லாவற்றையும் போகமே வைத்துத் தந்துவிடுகிறது. பழைய கதைகள் நினைவாக இடையில் வந்துபோகலாம். கரையோரத்தவராக இருந்தால் போகத்துக்குப் பதில் தொழில் பருவத்தை எடுங்கள். வாடி (கடற்கரையில் போடும் மீன்பிடிக் கொட்டில்) போடுவதில் தொடங்கி வாடியைப் பிரிப்பதில் முடியும்.

எழுதும் கணக்கையும் அதே போகத்தில் போடலாம். ஒரு நாளைக்கு 300 சொல். விதைப்பிலிருந்து அறுவடை வரை ஐந்து மாதம், 150 நாள். 300ஐ 150ஆல் பெருக்கினால் 45,000 சொல். தமிழில் அச்சடித்தால் ஏறக்குறைய 200 பக்கம். முதல் நாவலுக்கு இது தாராளம். கொப்பியில் எழுதினால் முன்னூறு சொல் இரண்டு பக்கம் வரும்.

வயல் செய்கிறவருக்கு விதைப்புக் கிழமையிலும் அறுவடைக் கிழமையிலும் எழுத்து ஓடாது. அந்த நாட்களை முதலே கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பிறகு குற்ற உணர்ச்சி வராது. நான் பகலில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறவன். அதிகாலை ஐந்திலிருந்து ஆறு மணி வரைதான் எனக்குச் சொந்தம். இரவு எழுதிப் பார்த்தேன், நித்திரைதான் வந்தது.

ஆட்களிடம் கேட்பது

எங்கள் சனம் தங்கள் கதையைச் சொல்லிச் சொல்லிக் களைத்த சனம். ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள், தொண்டு நிறுவனத்துக்குச் சொன்னார்கள், படிவத்தில் நிரப்பினார்கள், கமெராவுக்கு முன்னால் அழுதார்கள். நீங்களும் கொப்பியோடு போய் “அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டால் அதே மனப்பாடமான பதில்தான் வரும். உணர்ச்சியைக் கேட்காதீர்கள், பொருளைக் கேளுங்கள். “அண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?”, “அந்தச் சைக்கிளில எத்தினை பேர் வந்தனியள்?”, “மண்ணெண்ணெய் அப்ப என்ன விலை வித்தது?” அதிலிருந்துதான் ஒருவருக்கும் சொல்லாத கதை வெளியே வரும்.

வெறுங்கையோடு முன்னால் போய்க் குந்தாதீர்கள். கச்சான் உடைக்கிறார்களா, நீங்களும் ஒரு பிடி எடுத்து உடையுங்கள். புதுக்குடியிருப்பில் ஒரு வயதான அம்மா எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஒன்றுமே சொல்லவில்லை. வெளிக்கிடும்போது, படலையடியில் நின்று, “தம்பி, அந்த நேரம் நான் கோழியைத் திறந்துவிட்டிட்டுத்தான் வந்தனான்” என்றார். என் நாவலின் மூன்றாம் அத்தியாயம் அந்த ஒரு வரியில் இருந்துதான் வந்தது.

கேட்காமல் போனில் பதியாதீர்கள். அவர் முகத்தைத் திருப்பினால் கேள்வியை மாற்றுங்கள். எழுதும்போது பெயரையும் ஊரையும் தொழிலையும் மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. எங்கள் ஊர்களில் “ஒற்றைக்கண் மாடு வைத்திருந்த மனிசன்” என்றாலே ஆள் பிடிபட்டுவிடும். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒருவராக்குவதுதான் நல்ல வழி.

இன்னொன்று, இதில் நான் பிடிவாதமாக நிற்கிறேன். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார் தொடங்கிய போராட்டம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை வருவான் என்று காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் அடையாளங்களோடு ஒரு பாத்திரத்தைச் செய்து, கடைசி அத்தியாயத்தில் அவனைச் சாகடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. கதைக்கு அது எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் இல்லை.

பிழை பிடிக்கிற வேலை

வன்னி வாசகர் சும்மா விடமாட்டார். அவர் அங்கே இருந்தவர். 2003இல் உங்கள் கதாநாயகி கிளிநொச்சியில் ரயிலால் இறங்கினால் புத்தகத்தை மூடிவிடுவார். யாழ்தேவி 1990இல் நின்றது, கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013இல், யாழ்ப்பாணம் போனது 2014 ஒக்டோபரில். வன்னிக்கூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. இந்த நான்கு ஆண்டுகளுக்கு உள்ளே நடக்கும் கதை வேறு, வெளியே நடக்கும் கதை வேறு. உள்ளே என்றால் வவுனியாவிலிருந்து சாமான் வரும். வெளியே, சண்டைக் காலம் என்றால் ஜாம் போத்தல் விளக்கும், மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளும்.

என் முதல் கொப்பியில் சுனாமி அன்று பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள், போதாததற்கு மார்கழி விடுமுறை. முல்லைத்தீவுக்காரர் ஒருவர் அதை வாசித்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் கொப்பியைத் திருப்பித் தந்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு காலக்கோடு போடுங்கள். ஒரு பக்கம் நாட்டில் நடந்தது, மறுபக்கம் உங்கள் வீட்டில் நடப்பது, நடுவில் தமிழ் மாதம். ஒவ்வொரு ஆளுக்கும் பிறந்த ஆண்டை எழுதி வையுங்கள், செத்தவருக்குச் செத்த ஆண்டையும். (சித்தப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்த அனுபவம் பேசுகிறது.) பழைய பத்திரிகை, சஞ்சிகை பார்க்க வேண்டுமென்றால் இணையத்தில் நூலகம் தளத்துக்குப் போங்கள், காசில்லாமல் வாசிக்கலாம். இயற்கையையும் சரிபாருங்கள். பாலைப்பழம் மார்கழி மழைக்குள் பழுக்காது, அது வெயில் காலத்துப் பழம். வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில். அதற்கு ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு ஒருவரும் போக முடியாது.

பேச்சை எழுதுவது

கதை சொல்லும் பகுதியை வழமையான எழுத்துத் தமிழில் எழுதுங்கள், ஆட்கள் பேசுவதைப் பேச்சில் எழுதுங்கள். புதியவருக்கு இதுதான் பாதுகாப்பான பாதை. “எங்கே சென்று வருகிறீர்கள்?” என்று முள்ளியவளையில் ஒருவரும் கேட்பதில்லை.

“எங்கையணை போட்டு வாறியள்?”

“உதில குளக்கட்டடிக்குத்தான் மோனை. வான் பாயுதாம், பாத்திட்டு வாறன்.”

இவ்வளவு போதும். ஒவ்வொரு ஒலியையும் அப்படியே எழுத்தாக்கினால் கண் தடுக்கும். ஒரு வசனத்தில் இரண்டு மூன்று சொல் பேச்சாக இருந்தாலே காது மீதியைப் பிடித்துக்கொள்ளும்.

வன்னியில் ஒரே பேச்சு என்றும் நினைக்க வேண்டாம். பழைய வன்னிக் கிராமத்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர், தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர், முல்லைத்தீவுக் கரையோரத்தவர், முஸ்லிம் குடும்பங்கள் என்று எத்தனையோ நாக்கு. ஒருவர் “வாங்கோ” என்பார், பக்கத்துக் காணிக்காரர் “வாங்க” என்பார். அந்த ஒரு எழுத்துக்குள் இரண்டு குடும்பம் வந்த பாதை இருக்கிறது. சோதிக்க ஒரு வழி: பேசுகிறவரின் பெயரைக் கையால் மூடிக்கொண்டு உரையாடலை வாசியுங்கள். யார் பேசுகிறார் என்று பிடிபடாவிட்டால் எல்லோரும் உங்கள் குரலில் பேசுகிறார்கள்.

துருசு, அலைகரை, புழுதி விதைப்பு, சூடு போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்புப் போடுவதை நான் விரும்புவதில்லை. “துருசைத் திறந்ததும் வாய்க்கால் நுரைத்துக்கொண்டு ஓடியது” என்று எழுதினால் வாசகர் துருசு என்னவென்று விளங்கிக்கொள்வார். விளங்காவிட்டாலும் கதை நிற்காது.

நடுவில் நின்றுபோனால்

நிற்கும். எண்பதாம் பக்கமளவில் எல்லோருக்கும் நிற்கும். எனக்குக் கைகொடுத்த வழி ஒரு கடன் கணக்கு. யார் யாருக்கு என்ன தரவேண்டும் என்று பாத்திரங்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். காசுக் கடன் மட்டுமில்லை. செய்ந்நன்றி, கொடுத்த வாக்கு, கேட்காத மன்னிப்பு, திருப்பிக் கொடுக்காத மண்வெட்டி எல்லாம் கடன்தான். லீசிங் கட்ட முடியாமல் உழவு மெசினை இழக்கப்போகும் ஒருவனும், அவனுக்கு ஒரு காலத்தில் உயிர்க்கடன் பட்ட இன்னொருவனும் ஒரே தேத்தண்ணிக் கடையில் இருந்தால் காட்சி தானாக நகரும்.

அன்றைய எழுத்தை ஒரு வசனத்தின் பாதியில் நிறுத்துங்கள். அடுத்த நாள் அந்தப் பாதியை முடிக்கும்போதே கை சூடாகிவிடும். வரிசையாக எழுத வேண்டும் என்றும் இல்லை. தெரிந்த காட்சியை முதலில் எழுதி, நடுவில் ‘இங்கே கல்யாணம் வரும்’ என்று ஒரு வரி விட்டுவிட்டுப் போகலாம்.

சில அத்தியாயங்கள் நிற்பதற்குக் காரணம் வேறு. 2009ஐ நேரில் கண்டவர் அதை எழுதப்போகும்போது கை நடுங்கும். அந்த அத்தியாயத்தைக் கடைசிக்கு வையுங்கள். பகலில், வீட்டில் ஆட்கள் இருக்கும்போது, ஒரு மணித்தியாலம் மட்டும் எழுதுங்கள். முடிந்ததும் உடம்பால் செய்யும் வேலை ஒன்றுக்குப் போங்கள், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, விறகு கொத்துவது. ‘நான்’ என்று எழுத முடியாவிட்டால் ‘அவள்’ என்று எழுதிப் பாருங்கள், கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடியும். நித்திரை போய், சாப்பாடு இறங்காமல், பழைய சத்தம் கேட்கத் தொடங்கினால் கொப்பியை மூடிவிட்டு மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த நாட்களை எழுதாமலே விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு அத்தியாயம், கடைசிச் சண்டை நடந்த மாத்தளன் மணலில் ஒரு பானை கொதிப்பதோடு முடியட்டும். அடுத்தது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் தொடங்கட்டும். பானைக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டாம். வாசகருக்குத் தெரியும்.

தட்டச்சும் பத்திரமும்

சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறவர் ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் பக்கங்களைப் போனால் படம் பிடித்து மின்னஞ்சலில் தனக்கே அனுப்பிவிட வேண்டும். மழையும் கறையானும் யாருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது நனைந்த கொப்பிகளில் என்னுடைய இரண்டும் இருந்தன. போனில் நேரடியாக எழுதலாம். பேசி எழுதுவதானால் கூகுள் விசைப்பலகையில் ‘தமிழ் (இலங்கை)’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். வயல் காவலுக்குப் போகிறவருக்கு இது நல்ல வசதி.

அச்சுக்குப் போகும்போது ஒரு பொறி இருக்கிறது. நாங்கள் எழுதுவது யூனிகோட். எங்கள் பக்கத்துப் பக்க வடிவமைப்பாளர் பலர் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளி விசையில். சரியாக மாற்றாவிட்டால் காற்புள்ளி நிற்க வேண்டிய இடமெல்லாம் ‘இ’ வந்து நிற்கும். என் கிணற்று நாவலை ஒரு கடையில் கொடுத்தபோது “அம்மாஇ அப்பாஇ மாமா” என்று வந்தது. ஒரு பக்கத்தை மாற்றித் தரச் சொல்லி, அச்செடுத்துப் பார்த்துவிட்டு முழுவதையும் கொடுங்கள். அப்படிச் செய்யாததால் மூன்று கிழமை சிவப்புப் பேனையோடு இருந்தேன்.

வாசிக்கக் கொடுப்பதும் அச்சும்

முதல் எழுத்து முடிந்ததும் ஒரு மாதம் தொடாதீர்கள். பிறகு சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வசனத்தை உடையுங்கள். வெட்கம் வரும் இடத்தை வெட்டுங்கள். அடுத்தது மூன்று பேருக்குக் கொடுங்கள்: வயல் தெரிந்த ஒருவர், வன்னியையே பார்க்காத ஒருவர், உங்களோடு சண்டை பிடிக்கப் பயப்படாத ஒருவர். “நல்லாயிருக்கு” என்று மட்டும் சொல்பவரை வெளியீட்டு விழாவுக்கு அழைக்கலாம். “எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். பதில் ஒரு பக்க எண்ணாக வரும், அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.

புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. அச்சுக்குக் கொடுக்க முதல் விண்ணப்பியுங்கள், பின்னட்டையில் அது வரவேண்டும். அச்சகம் பக்கங்களைப் பதினாறு பதினாறாகத்தான் மடிக்கும். 193 பக்கம் வந்தால் ஒரு பக்கத்தைக் குறைத்து 192 ஆக்கினால் காசு மிச்சம். விலை கேட்கும்போது தாளின் தடிப்பு, அட்டை, தையலா பசையா என்று எழுத்தில் வாங்குங்கள். புத்தகக் கடைக்குக் கொடுத்தால் விலைக்கழிவு எவ்வளவு, காசு எப்போது என்பதையும் எழுத்தில்.

எத்தனை பிரதி என்று எல்லோரும் கேட்பார்கள். 300க்கு மேல் போகாதீர்கள். வெளியீட்டு விழாவில் மேடைக்கு வந்து காசு வைத்த என்வலப் தந்து பிரதி வாங்குகிறவர்களால் அச்சுச் செலவில் ஒரு பங்கு வந்துவிடும். எங்கள் எழுத்தாளரைத் தாங்கி நிற்பதே அந்த என்வலப்தான், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். யார் எவ்வளவு தந்தார் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். நாளைக்கு அவர் புத்தகம் போட்டால் நீங்கள் போக வேண்டும்.

மிச்சப் பெட்டிகளை நிலத்தில் வைக்காதீர்கள். நான்கு செங்கல் வைத்து, மேலே பலகை போட்டு, சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மாதம் ஒரு தடவை அடிப்பெட்டியைத் திறந்து பாருங்கள், கறையான் அங்கேதான் தொடங்கும்.